7ஆம் நாள் 17 வந்தால் 28ஆம் நாள் என்ன வரும்?

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் இரண்டு மாடிக் கட்டட வேலையொன்றில் டெக்னிக்கல் ஒஃபிசராக நிற்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. முதல் தட்டு பீமும் சிலாப்பும் தரம் 25 கொங்கிரீட், அதாவது 28ஆம் நாள் வலிமை 25 வேண்டும். மழை விட்ட இடைவெளியில் போட்டிருக்கிறார்கள். 7ஆம் நாள் மூன்று கியூப் (அதே கொங்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டி) உடைத்ததில் வலிமை 16.5, 18, 17.5 வந்திருக்கிறது. நண்பர் ஒருவர் இணையத்தில் கிடைக்கும் தரவை வைத்துச் செய்த கணினி மாதிரியில் கலவை விவரத்தைக் கொடுத்தால் 28ஆம் நாளுக்கு 34 என்று சொல்கிறதாம். கலவை, ஒரு கன மீற்றருக்கு: சீமெந்து 320 கிலோ, தண்ணீர் 176, ஆற்று மணல் 780, முக்கால் இஞ்சிக் கருங்கல் 1120. கொன்ட்ராக்டர், “கொம்பியூட்டரே 34 சொல்லுது, பிறகென்ன, மேல் தட்டைப் போடுவம்” என்கிறாராம். நம்பலாமா என்பது கேள்வி.

அந்த 34ஐ நம்ப வேண்டாம். மாதிரி கெட்டது என்பதால் அல்ல. அது வேறொரு கொங்கிரீட்டைப் பற்றிச் சொல்கிறது. உங்கள் சிலாப்பில் இருப்பது அந்தக் கொங்கிரீட் இல்லை. இதை நீங்களே இப்போதே சோதித்துப் பார்க்கலாம்: மாதிரியில் வயது என்று கேட்கும் இடத்தில் 28ஐ எடுத்துவிட்டு 7 என்று போடுங்கள். 24க்குப் பக்கத்தில் ஏதாவது சொல்லும் என்று நினைக்கிறேன். உங்கள் கையில் உடைத்துப் பார்த்த எண் 17. ஏழாம் நாளிலேயே இவ்வளவு தவறும் மாதிரி இருபத்தெட்டாம் நாளில் மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும்? இதை யாரும் செய்து பார்ப்பதில்லை. நல்ல எண் வந்ததும் நின்றுவிடுகிறோம்.

சரி, மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் மூன்று எண்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். (இங்கே எல்லா வலிமையும் சதுர மில்லிமீற்றருக்கு நியூட்டன் கணக்கில்.) சராசரி 17.3. சாதாரண போட்லண்ட் சீமெந்துக்கு ஏ.சி.ஐ. (அமெரிக்கக் கொங்கிரீட் நிறுவகம்) காலங்காலமாகப் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு: நாட்களின் எண்ணிக்கையை, 4ஐயும் நாட்களின் 0.85 மடங்கையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 7 நாளுக்கு அது 0.70 தரும். 17.3ஐ 0.70ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24.7. பெரும்பாலான பொறியியலாளர்கள் வாயில் வரும் “ஏழு நாளில் எழுபது வீதம்” என்பதன் அடி இதுதான்.

ஆனால் அந்த 0.70 குளிர்நாட்டுக் கணக்கு. கொங்கிரீட்டுக்கு நாட்காட்டி தெரியாது, சூடுதான் தெரியும். முதிர்வுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது: வெப்பநிலையோடு 10ஐக் கூட்டி, நேரத்தால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டே போவது. நேர்ஸ், சோல் என்ற இருவரின் பெயரில் வழங்குகிறது. 20 பாகை செல்சியசில் 7 நாள் என்றால் 30ஐ 168 மணித்தியாலத்தால் பெருக்க 5040. திருகோணமலையில் கியூப் ஊறும் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 30 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போது 40ஐ 168ஆல் பெருக்க 6720. அதாவது உங்கள் ஏழு நாள், 20 பாகையில் ஒன்பது நாளுக்கும் மேல். ஒன்பது நாளுக்கு மேல் முதிர்ந்த கொங்கிரீட் 28 நாள் வலிமையில் 78 வீதத்தை ஏற்கனவே எடுத்துவிட்டது. 17.3ஐ 0.78ஆல் வகுத்தால் 22 தான் வருகிறது. சூட்டில் வேகமாக ஏறும் கொங்கிரீட் கடைசியில் கொஞ்சம் குறைவாகவே நிற்கும் என்பதும் இதோடு சேர வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சீமெந்துப் பையின் முகப்பைப் பாருங்கள். சீனன்குடாவில் டோக்கியோ சீமெந்து ஆலை 1980களிலிருந்து இருப்பதால், நம்மூரில் பலருக்குச் சீமெந்து என்றால் ஒரே பொருள்தான். பையில் என்ன நியமம் எழுதியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எஸ்.எல்.எஸ். 107 என்றால் சாதாரண போட்லண்ட் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 1247 என்றால் கலப்புச் சீமெந்து; அனல்மின் நிலையத்துப் பறக்கும் சாம்பல் போன்றது கலந்திருக்கும். சாம்பல் கலந்த சீமெந்து முதல் வாரம் சோம்பலாக நகரும், பிறகு எழும்பும். அதற்கு 7ஆம் நாள் 60 வீதம் என்று வைத்தால் அதே 17.3 கடைசியில் 29 ஆகிறது.

ஆக, ஒரே மூன்று கியூப், மூன்று நியாயமான கணக்கு: 22, 25, 29. இதில் எது என்று கேட்டால், பையையும் தொட்டியின் வெப்பநிலையையும் பார்க்காமல் சொல்ல முடியாது. கட்டாயம் ஒரு எண் சொல் என்றால் 25க்குப் பக்கம், மேலும் கீழும் மூன்று என்பேன். 34 எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இந்த இடத்தில் கொன்ட்ராக்டர், “25 வந்தால் தரம் 25 தானே, பாஸ்” என்பார். இல்லை. தரம் 25 என்பது சராசரி இல்லை; நூறு கியூப் உடைத்தால் தொண்ணூற்றைந்தாவது அந்த எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற கணக்கு. அதனால்தான் நம் பொறியியலாளர்கள் பலர் பின்பற்றும் பிரித்தானிய டி.ஓ.ஈ. கலவை முறையில், முன் அனுபவத் தரவு இல்லாத தளத்துக்கு நியம விலகலை (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்ற அளவு) 8 என்று எடுத்து, அதை 1.64ஆல் பெருக்கி வரும் 13ஐத் தரத்தோடு கூட்டி 38ஐ இலக்காக வைக்கச் சொல்கிறார்கள். பழைய பிரித்தானிய நியமப்படி ஏற்புக்கும் இரண்டு பூட்டு: எந்தத் தனி முடிவும் 22க்குக் கீழே போகக் கூடாது, தொடர்ந்து வரும் நான்கு முடிவுகளின் சராசரி 28ஆவது இருக்க வேண்டும். உங்கள் கொங்கிரீட் 25இல் வந்து நின்றால் முதல் பூட்டு திறக்கும், இரண்டாவது திறக்காது. அந்தச் சிலாப் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் இதே மாதிரி அடுத்த தட்டையும் போட்டால் வேலை தரம் 25 இல்லை.

28 நாள் என்பதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். நான்கு வாரம், திங்கட்கிழமை போட்டதைத் திங்கட்கிழமை உடைக்கலாம். கலப்புச் சீமெந்துக்கு 56 நாள் பார்ப்பதுதான் உண்மையில் நியாயம், ஆனால் பில் கட்டுவதற்கு அவ்வளவு நாள் யார் பொறுப்பார்கள்?

இனி அந்த மாதிரிக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் தரவு என்றால் அநேகமாகத் தாய்வானைச் சேர்ந்த ஐ-செங் யே என்ற பேராசிரியர் 1998இல் வெளியிட்ட ஆய்வோடு வந்த தரவுத்தொகுதிதான். உலகம் முழுக்க மாணவர்கள் இதில்தான் பழகுகிறார்கள். 1030 வரிகள். ஒவ்வொரு வரியிலும் எட்டு உள்ளீடு: சீமெந்து, உலைக் கசடு, பறக்கும் சாம்பல், தண்ணீர், சுப்பர்பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் இரசாயனம்), பெரிய கல், மணல், வயது. வெளியீடு வலிமை, 2.3இலிருந்து 82.6 வரை போகிறது. ரேண்டம் ஃபொரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் என்று எந்தக் கணினிக் கற்றல் முறையைப் போட்டாலும் வழு 4 முதல் 6 வரை வரும். ஆர் வர்க்கம் (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9ஐத் தாண்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதில் மூன்று சிக்கல். முதலாவது, வழு 5 என்றால் “34” என்பதன் உண்மையான பொருள் 24க்கும் 44க்கும் இடையில் எங்கேயோ என்பதுதான். உங்கள் நண்பரின் திரையில் அந்த அகலம் காட்டப்படவில்லை, ஒற்றை எண் மட்டும் வந்திருக்கிறது. மாதிரி செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எண்ணை விடு, அகலம் என்ன?

இரண்டாவது, அந்த 5 கூடக் கொஞ்சம் ஏமாற்று. அந்த 1030 வரியும் 1030 கலவை இல்லை. ஒரே கலவையை 3, 7, 28, 90 என்று பல நாட்களில் உடைத்துப் பல வரியாக எழுதியிருக்கிறார்கள். வரிகளைக் குலுக்கிப் போட்டு, எண்பது வீதத்தில் படிக்க வைத்து இருபது வீதத்தில் பரீட்சை வைத்தால், பரீட்சையில் வரும் கலவையின் தம்பிமார் பாடத்தில் ஏற்கனவே இருக்கிறார்கள். மனப்பாடம் செய்தவனுக்கும் நல்ல மார்க் விழும். ஒரு கலவையின் எல்லா வயதையும் ஒரே பக்கம் வைத்துப் பிரித்தால் வழு கூடுவதைப் பார்க்கலாம். நண்பரிடம் அப்படிப் பிரித்தாரா என்று கேளுங்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தத் தரவு சிலிண்டர் வலிமை. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டர். நாம் உடைப்பது கியூப். ஒரே கொங்கிரீட்டில் சிலிண்டர், கியூப்பின் எண்பது வீதம் அளவில்தான் காட்டும். கியூப் குட்டை, மெஷினின் இரும்புத் தட்டு மேலும் கீழும் அதை விரிய விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் கூடத் தாங்கும். ஐரோப்பிய நியமத்தில் 20/25 என்று இரண்டு எண் எழுதுவது இதற்காகத்தான். ஆகவே மாதிரி சொன்ன 34ஐ 0.8ஆல் வகுத்தால் கியூப் கணக்கில் 42. சுவாரசியமான விஷயம், டி.ஓ.ஈ. முறையும் இங்கேதான் வந்து நிற்கிறது. உடைத்த கல், 42.5 வகுப்புச் சீமெந்து, தண்ணீர்-சீமெந்து விகிதம் 0.5 என்றால் 28 நாளில் 49 என்று அதன் அட்டவணை ஆரம்பிக்கும். உங்கள் 176ஐ 320ஆல் வகுத்தால் 0.55, அதற்கு வளைகோட்டில் 43 அளவு. தாய்வானில் படித்த கொம்பியூட்டரும் இங்கிலாந்து அட்டவணையும் ஒன்றையே சொல்கின்றன: நீங்கள் தாளில் எழுதிய கலவையைத் தாளில் எழுதியபடியே போட்டிருந்தால் 42 வந்திருக்கும். வரவில்லை.

அப்படியானால் மிச்சம் எங்கே போனது? முதல் சந்தேகம் தண்ணீர், எப்போதும்.

டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918இல் சிக்காகோவில் ஆயிரக்கணக்கான கொங்கிரீட் துண்டுகளை உடைத்துப் பார்த்துச் சொன்னது இன்றும் அசையவில்லை: நன்றாக அடித்து இறுக்கிய கொங்கிரீட்டில் வலிமையைத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதம். அவருக்கு முன்பே பிரான்சில் ஃபெரே, தண்ணீரோடு காற்று வெளியையும் சேர்த்துக் கணக்கு வைத்தார். எனக்கு அவர்தான் இன்னும் சரியாகப் படுகிறது, ஏனென்று கீழே வரும். சீமெந்து வேதியியலுக்குத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான். மிச்சத் தண்ணீர் கொங்கிரீட்டை இளக்குவதற்கு. அது பின்னர் காய்ந்து போகும், போன இடம் துளையாக நிற்கும்.

இப்போது உங்கள் மணலைப் பாருங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுவதற்கு முன் விட்டுச் செல்லும் மணல்தான் இந்த மாவட்டத்தின் பெரும்பாலான கட்டடங்களில் இருக்கிறது. நல்ல மணல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மார்கழி மழையில் குவியலாகக் கிடக்கும் மணல் 5 வீதம் ஈரத்தைச் சுலபமாகப் பிடித்து வைத்திருக்கும். 780 கிலோ மணலில் 5 வீதம் 39 கிலோ. மிக்சர் அடிக்கும் பொடியன் வழக்கமான வாளிக் கணக்கையே ஊற்றியிருந்தால், கன மீற்றருக்குப் போனது 176 லீற்றர் அல்ல, 215. விகிதம் 0.55 இல்லை, 0.67. ஏப்ரம்ஸ் கணக்கில் இதற்கு 30 வீதம் அடி, டி.ஓ.ஈ. வளைகோட்டில் கால் பங்கு. 42 இப்போது 30க்குப் பக்கம் வந்துவிட்டது.

பெட்டியால் அளந்திருந்தால் இன்னொரு கோணல் சேரும். ஈர மணல் உப்பும்; 5, 6 வீத ஈரத்தில் அதன் கன அளவு கால் பங்குக்குக் கிட்டக் கூடிவிடும். பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவு, தண்ணீர் கூட. மணல் குறைந்தால் கலவை கல்லாகத் தெரியும், கல்லாகத் தெரிந்தால் மேசன் “கொஞ்சம் தண்ணி விடு” என்பார்.

ஈரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு கிலோ மணலை நிறுத்து, தாச்சியில் போட்டு, கேஸ் அடுப்பில் கிளறி வறுத்து, ஆறவிட்டு மறுபடி நிறுங்கள். 950 கிராம் நின்றால் தண்ணீர் 50 கிராம். ஈரம் ஐந்து வீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒரு வீதமளவு மணி உறிஞ்சி வைத்திருப்பது, அதைக் கழித்துவிடலாம். குவியலின் உச்சியிலிருந்து எடுக்காதீர்கள், அது வெயிலில் காய்ந்திருக்கும்; கையை உள்ளே விட்டு எடுங்கள். கொங்கிரீட் போடும் காலையில் இதற்குச் செலவாகும் இருபது நிமிடம் எந்தக் கொம்பியூட்டர் மாதிரியையும் விட உங்கள் 28 நாளைத் தெளிவாகச் சொல்லும். மாதிரிக்கு நீங்கள் கொடுத்த 176 வெறும் ஆசை. வறுத்த பிறகு கிடைப்பதுதான் அளவு.

30இலிருந்து 25க்கு இறங்க இன்னும் கொஞ்சம் போக வேண்டும். இங்கேதான் ஃபெரேயின் காற்று. அடித்து இறுக்காமல் விட்ட கொங்கிரீட்டில் ஒவ்வொரு ஒரு வீத வெற்றிடத்துக்கும் வலிமை 5, 6 வீதம் குறையும். மூன்று வீதம் வெற்றிடம் இருந்தால் 30 என்பது 25 ஆகிவிடும். ஆனால் அந்த வெற்றிடம் சிலாப்பிலா, கியூப்பில் மட்டுமா? அதை அறிய ஒரு எளிய வழி, கியூப்பை உடைப்பதற்கு முன் தராசில் வைப்பது. 150 மில்லிமீற்றர் கியூப், ஒழுங்காக அடித்திருந்தால், 8.1 கிலோவுக்குக் கிட்ட நிற்கும். 7.8, 7.7 என்று நின்றால் உள்ளே காற்று, அல்லது தண்ணீர் மிதமிஞ்சியது. உங்கள் ரிப்போர்ட்டில் நிறைக்கு ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். பல ரிப்போர்ட்டில் அது வெறுமையாக இருக்கும் அல்லது மூன்று கியூப்புக்கும் ஒரே எண் எழுதியிருக்கும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: யாரும் நிறுக்கவில்லை.

கியூப் அடிப்பதற்கும் முறை உண்டு. அச்சை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்துக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். பெரும்பாலான சைட்டில் இதைச் செய்வது யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவர்தான். ஒரே தடவையில் நிரப்பி, கம்பித் துண்டால் பத்துக் குத்து, மேலே கரணை. பிறகு அச்சு வெயிலில் கிடக்கும். அடுத்த நாள் கழற்ற வேண்டியது மூன்றாம் நாள் கழற்றப்படும். இப்படிச் செய்த கியூப் குறையக் காட்டினால் சிலாப் குற்றவாளி இல்லை. உடைக்கும்போது கியூப்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார்களா என்பதும் முக்கியம். கரணை போட்ட முகம் மேலே இருந்தால் அது சமமில்லை, சுமை ஒரு மூலையில் ஏறும். நன்றாக உடைந்த கியூப் நான்கு பக்கமும் சரிந்து நடுவில் உடுக்கை மாதிரி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் சீவிக்கொண்டு போயிருந்தால் அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள். உங்கள் மூன்றும் 16.5க்கும் 18க்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன. ஆகவே கியூப்பில் தனித்தனிக் கோளாறு என்று தோன்றவில்லை. மூன்றையும் ஒரே கை ஒரே மாதிரிக் கெடுத்திருக்கலாம், அல்லது கலவையே அப்படி.

முன்கூட்டிச் சொல்லும் வேலையை ஒழுங்காகச் செய்ய விரும்பினால், வெளித் தரவைத் தேடாமல் உங்கள் தளத்தின் தரவைச் சேருங்கள். ஒரே சீமெந்து, ஒரே கல்குவாரி, ஒரே ஆய்வுகூடம் என்ற நிபந்தனையோடு ஒரு இருபது, இருபத்தைந்து சோடி 7 நாள், 28 நாள் முடிவு இருந்தால் போதும், ஒரு நேர்கோடு வரைந்து பார்க்கலாம். அந்த இருபது சோடி உங்கள் தளத்துக்குத் தாய்வானின் ஆயிரம் வரியை வெல்லும். ஒவ்வொரு வரியிலும் மணலின் ஈரம், சரிவு (ஸ்லம்ப், கலவையின் இளக்கம்), சீமெந்துப் பையின் வகையும் பொதி செய்த திகதியும், கியூப் நிறை, தொட்டி வெப்பநிலை ஆகியவற்றை எழுதுங்கள். பையின் திகதியை வீணாகச் சொல்லவில்லை: உப்புக்காற்று படும் கொட்டிலில் மூன்று மாதம் கிடந்த சீமெந்து ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழந்திருக்கும். கணினி மாதிரி வேண்டுமென்றால் பிறகு அந்த ஆயிரத்தோடு உங்கள் இருபதையும் சேர்த்துப் பயிற்றலாம். கலவைகளைத் தமக்குள் ஒப்பிட, சீமெந்தை எவ்வளவு குறைக்கலாம் என்று தேட, இத்தகைய மாதிரிகள் உண்மையிலேயே நல்ல கருவி. போட்டு முடித்த சிலாப்புக்குச் சான்றிதழ் எழுத அல்ல.

அவசரமென்றால் கியூப்பை அவித்தும் பார்க்கலாம். வேடிக்கையில்லை, இந்திய நியமம் 9013இல் உள்ளது: 23 மணித்தியாலம் ஈரத்தில் வைத்து, அச்சோடு கொதிநீரில் மூன்றரை மணித்தியாலம் விட்டு, ஆறவைத்து, மொத்தம் இருபத்தெட்டரை மணித்தியாலத்தில் உடைப்பது. வரும் எண்ணை 1.64ஆல் பெருக்கி 8.09ஐக் கூட்டினால் 28 நாள் மதிப்பீடு. அதுவும் அவர்களுடைய சீமெந்துக்கான கோடு. நம் பைக்கு நாமே வரைய வேண்டும்.

மாடிச் சுவருக்கான புளொக் கல்லையும் இதில் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். அதற்குக் கணக்கு வேறு. சுவரின் வலிமை கல்லின் வலிமை இல்லை. ஐரோப்பிய முறையில் கல்லின் வலிமையை 0.7 அடுக்குக்கும் சாந்தின் வலிமையை 0.3 அடுக்குக்கும் உயர்த்திப் பெருக்கி, அதை மறுபடி பாதியளவு ஆக்குகிறார்கள். இதன் நடைமுறை அர்த்தம்: கல்லை இரண்டு மடங்கு பலமாக்கினால் சுவர் 62 வீதம் கூடும்; சாந்தை இரண்டு மடங்காக்கினால் 23 வீதம்தான். ஆகவே சாந்தில் சீமெந்தை அள்ளிக் கொட்டுவதை விட, கல்லறுக்கும் இடத்தில் போய் அவர்கள் கல்லுக்குத் தண்ணீர் காட்டுகிறார்களா என்று பார்ப்பது பலன் தரும். அச்சிலிருந்து எடுத்ததும் வெயிலில் அடுக்கி, கச்சான் காற்றில் காயவிட்டு, மூன்றாம் நாள் லொறியில் ஏற்றும் கல்லுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. ஒரு கல்லை மார்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் மேசனின் சோதனை எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கு எண் கிடையாது. ஐந்தாறு கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள், செலவு பெரிதில்லை.

நிலாவெளி என்பதால் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அமுக்க வலிமையைச் சொல்லும் எந்த முறையும் உப்பைச் சொல்லாது. கடற்கரை மணலை அலசாமல் போட்டாலும், கிணற்றின் உவர்த் தண்ணீரில் குழைத்தாலும் 7ஆம் நாள் கியூப் நன்றாகவே உடையும். சில வேளை கூடக் காட்டும், ஏனென்றால் உப்பு சீமெந்தை ஆரம்பத்தில் விரைவுபடுத்தும். தின்பது கம்பியை, சில வருடம் கழித்து. கம்பியுள்ள கொங்கிரீட்டில் குளோரைட் சீமெந்தின் நிறையில் 0.4 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நியமத்தின் வழக்கமான எல்லை. கலவைத் தண்ணீரை ஒரு போத்தல் எடுத்துச் சோதிக்கக் கொடுங்கள். வலிமை 40 வந்தாலும் இந்த எண்ணைக் கேட்காமல் விடாதீர்கள்.

இப்போது உடனடி வேலை. முட்டுகளை எடுக்க வேண்டாம், ஒன்றைக்கூட. சிலாப்பின் மேல் கல், சீமெந்துப் பை, கம்பிக் கட்டு அடுக்க வேண்டாம். மேல் தூண்களுக்குக் கம்பி கட்டுவதில் தடையில்லை. ஆனால் மேல் தட்டைப் போட்டால் அதன் முட்டு முழுக்க இந்தச் சிலாப்பில்தான் நிற்கும், ஆகவே 28 நாள் முடிவு கையில் வரும்வரை அந்தப் பேச்சு வேண்டாம். இதற்கிடையில் தண்ணீர் கட்டுவதை விட்டிருந்தால் இன்றே மறுபடி தொடங்குங்கள். மழை பெய்கிறதே என்று விடக் கூடாது, இரண்டு நாள் வெயிலடித்தாலே மேற்பரப்பு காய்ந்துவிடும். சாக்கை நனைத்துப் போட்டு வையுங்கள். கலப்புச் சீமெந்து என்றால் இதில் கிடைக்கும் இலாபம் இன்னும் கூட.

28ஆம் நாள் 22க்குக் கீழே வந்தால், அப்போது சிலாப்பையே கேட்க வேண்டும். முதலில் ரீபவுண்ட் சுத்தியல், அதாவது மேற்பரப்பில் அடித்து எவ்வளவு எகிறுகிறது என்று பார்க்கும் கருவி. அதன் எண்ணை வலிமையாக மாற்றும் அட்டையை நம்ப வேண்டாம், சைட்டில் இருபது, இருபத்தைந்து வீதம் பிசகும். சிலாப்பின் எந்தப் பகுதி மற்றதை விடப் பலவீனம் என்று தேட மட்டும் பயன்படுத்துங்கள். கூடவே அல்ட்ராசோனிக் கருவி கிடைத்தால், ஒலி செக்கனுக்கு மூன்றரை கிலோமீற்றருக்கு மேல் போகும் இடம் பரவாயில்லை, மூன்றுக்குக் கீழே போகும் இடத்தில் உள்ளே தேன்கூடு மாதிரி வெற்றிடம் இருக்கலாம். பலவீனமாகத் தெரிந்த பகுதியில் மூன்று கோர், அதாவது துளைத்து எடுக்கும் கொங்கிரீட் உருளை. 100 மில்லிமீற்றர் விட்டம், 20 மில்லிமீற்றர் கல்லுக்கு அது போதும். கோர் எடுப்பதற்கு முன் கம்பி எங்கே போகிறது என்று கவர்மீற்றரால் பார்த்துச் சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். கம்பியை வெட்டிய கோர் சிலாப்புக்கும் நட்டம், முடிவும் கெடும். ஏ.சி.ஐ. கணக்கில் மூன்றின் சராசரி குறித்த வலிமையில் 85 வீதமும், எந்த ஒன்றும் 75 வீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம். அங்கே குறித்த வலிமை என்பது சிலிண்டர் கணக்கு என்பதால் 25ஐ அப்படியே வைத்துப் பெருக்க வேண்டாம், 20ஐ வையுங்கள். முடிவை வடிவமைத்த பொறியியலாளரின் கையில் கொடுத்து, அவருடைய கையெழுத்தோடு வாங்குங்கள். கோர் எடுத்த குழியைச் சாதாரணச் சாந்தால் அடைக்க விடாதீர்கள், அது சுருங்கி ஓரத்தில் விலகும். சுருங்காத கிரவுட்டால் நிரப்பச் சொல்லுங்கள்.